மலையகத்தில் சொந்தக் கரண்ட்: கூரைச் சோலார், ஓடை மின்சாரம், அரசின் கொள்கை பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இலங்கையின் மலையகத்தில், தோட்டத்திலும் தோட்டத்தை ஒட்டிய கிராமத்திலும் டவுனிலும் இருப்பவர்கள் கேட்கும் கேள்விகள் இவை. சோலார் விற்க வருபவர் சொல்லாமல் விடுவதையும், அதிகாரி சுருக்கமாகச் சொல்லி அனுப்பிவிடுவதையும் இங்கே சற்று விரித்து எழுதியிருக்கிறோம்.

அணையெல்லாம் நம் ஊரில்தானே இருக்கிறது. நமக்கு ஏன் கரண்ட் மலிவாக இல்லை?

கட்டணம் ஊர் பார்த்துப் போடப்படுவதில்லை. கொழும்பில் 60 யூனிட் எரித்தாலும் பொகவந்தலாவையில் 60 யூனிட் எரித்தாலும் வீட்டுக் கட்டணம் ஒன்றுதான். அணை பக்கத்தில் இருக்கிறது என்பதற்காகச் சலுகை எதுவும் கிடையாது.

கேள்வியில் உள்ள ஆதங்கம் நியாயமானது. பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திர இந்த மலைநீரில் நாட்டுக்கே மின்சாரம் எடுக்கலாம் என்று 1918இல் கணக்குப் போட்டுக் காட்டினார். பழைய லக்சபான நிலையம் 1950இல் ஓடத் தொடங்கியது. கெஹெல்கமு ஓயாவில் காசல்ரீ, மஸ்கெலி ஓயாவில் மவுசாகலை என்று நீர்த்தேக்கங்கள் வந்தன. காசல்ரீயின் தண்ணீர் நோர்ட்டன் பிரிட்ஜில் விமலசுரேந்திர பெயர் தாங்கிய நிலையத்தையும், பிறகு பழைய லக்சபானவையும் ஓட்டுகிறது. மவுசாகலையின் தண்ணீர் கெனியன், புதிய லக்சபான வழியாக வருகிறது. இரண்டும் சேர்ந்து பொல்பிட்டியவுக்கு இறங்குகின்றன. ஒரே தண்ணீர் மூன்று முறை வேலை செய்துவிட்டுத்தான் மலையை விட்டுப் போகிறது. பழைய மஸ்கெலியா டவுன் மவுசாகலைத் தண்ணீருக்குள் போய்விட்டது. வரட்சியில் நீர் வற்றும்போது கோயிலும் பள்ளிவாசலும் விகாரையும் சேற்றுக்கு மேலே தெரிவதை இன்றும் பார்க்கலாம்.

ஆக, தள்ளுபடிக்காகக் காத்திருப்பதில் பயனில்லை. நம் கூரை, நம் ஓடை, நம் பெயரில் மீட்டர் என்று இறங்கிப் பேசினால் சில காரியம் நடக்கும்.

2030இல் 70 சதவீதம் புதுப்பிக்கத்தக்க மின்சாரம் என்கிறார்களே, அதனால் என் வீட்டுக்கு என்ன?

2030க்குள் நாட்டின் மின்சாரத்தில் 70 சதவீதத்தைப் புதுப்பிக்கத்தக்க வளங்களில் இருந்து எடுப்பது அரசின் இலக்கு. பழைய அணைகளின் நீர்மின்சாரமும் அந்தக் கணக்கில் சேரும். மழை நன்றாகப் பெய்த வருடத்தில் எண் தானாக ஏறும், பொய்த்த வருடத்தில் இறங்கும். எனவே புதிதாகச் சேர வேண்டியது பெரும்பாலும் சூரியனும் காற்றும்தான்.

சூரியனில் சிக்கல் நேரம். கூரைச் சோலார் நாடு முழுவதும் ஆயிரம் மெகாவாட்டைத் தாண்டிவிட்டது. அதெல்லாம் பகல் பன்னிரண்டு மணிக்குக் கொட்டுகிறது. நாம் விளக்கும் டிவியும் ரைஸ் குக்கரும் போடுவது மாலை ஆறரைக்குப் பிறகு. ஞாயிற்றுக்கிழமைப் பகலில் தொழிற்சாலைகளும் மூடியிருப்பதால் வாங்க ஆளில்லாத சந்தை மாதிரி ஆகிவிடுகிறது. அந்த நேரத்தில் சுழலும் பெரிய இயந்திரங்கள் குறைவாக இருப்பதால் நாட்டின் மின் வலையமைப்புக்கு ஒரு சின்ன அதிர்ச்சியைக்கூடத் தாங்கும் கனம் இருக்காது. 2025 பெப்ரவரி 9, ஞாயிறு முற்பகலில் பாணந்துறை உபமின்நிலையத்தில் ஏற்பட்ட கோளாறு நாடு முழுவதையும் இருட்டாக்கியது அதனால்தான். அந்த நிலையத்துக்குள் வந்த ஒரு குரங்கின் மேல் பழி போட்டதுதான் பலருக்கு நினைவிருக்கும். அதே வருடம் சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில் கூரைச் சோலாரைப் பகலில் நிறுத்தி வைக்கச் சொல்லி வேண்டுகோளும் வந்தது.

இதன் விளைவு உங்கள் வீட்டுக்கு வந்து சேர்வது விலையாகத்தான். கூரையில் இருந்து விற்கும் யூனிட்டுக்கு 2016இல் புதிதாகச் சேர்ந்தவருக்கு 22 ரூபாய், ஏழு வருடத்துக்குப் பிறகு 15.50. நெருக்கடி வந்த 2022இல் 37. 2024இல் 27. 2025இல் அதிலும் குறைத்தார்கள். பக்கத்து வீட்டுக்காரர் பழைய விலையில் வாங்கும் காசைப் பார்த்து உங்கள் கடனைக் கணக்குப் போடாதீர்கள். ஒப்பந்தம் கையெழுத்தாகும் நாளின் விலைதான் உங்கள் விலை.

லயத்தில் இருக்கிறோம். எங்கள் கூரையில் சோலார் போட முடியுமா?

தொழில்நுட்பமாக முடியும். தடை காகிதத்தில்.

மின்சார சபை மூன்றைப் பார்க்கும்: மீட்டர் யார் பெயரில், கூரை யாருடையது, கூரை நிற்கும் நிலம் யாருடையது. லயக் காம்பராவில் (தோட்டத்து வரிசை வீட்டில்) மீட்டர் உங்கள் பெயரிலோ தாத்தா பெயரிலோ இருக்கலாம். கூரை தோட்டத்துடையது. நிலம் அரசுடையது, 1992இலிருந்து பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளின் கையில் குத்தகையில். இருபது வருட ஒப்பந்தத்துக்கு துரை (தோட்ட முகாமையாளர்) தரும் ஒரு சம்மதக் கடிதம் போதுமா என்று கேட்டால், மீட்டர் எடுக்க அது போதும், சோலாருக்குப் பெரும்பாலும் போதாது. அடுத்த துரை வந்து மறுத்தால் உங்கள் கையில் ஒன்றுமில்லை. ஒரே கூரை பத்துக் காம்பராவுக்கும் பொது என்பதால் பக்கத்து வீட்டுத் தகரம் ஒழுகினாலும் சண்டை உங்களிடம்தான் வரும்.

7 பேர்ச், 10 பேர்ச் காணியில் தனி வீடு கிடைத்தவர்கள் நிலை வேறு. காணி உறுதி கையில் இருந்தால் வழி நேரானது. வீடு மட்டும் தந்து உறுதி தராமல் இழுத்தடித்தால் சோலாருக்கு முன் உறுதிக்குப் போராடுங்கள். பெயர் மாற்றத்தையும் இப்போதே முடித்துவிடுங்கள். இறந்தவர் பெயரில் பில் வருகிற வீடு மலையகத்தில் நிறைய. கிராம சேவகர் உறுதிப்படுத்திய கடிதம், மரணச் சான்றிதழ், குடும்பத்தாரின் சம்மதம் என்று பிறகு ஓடும்போது அந்த வருடத்தின் விலையும் மாறியிருக்கும்.

மாதம் 70, 80 யூனிட் வருகிறது. சோலார் போட்டால் லாபமா?

இல்லை. விற்பவர் கோபித்தாலும் பரவாயில்லை.

வீட்டுக் கட்டணம் படிக்கட்டு மாதிரி: 30, 60, 90, 120, 180 யூனிட் என்று ஏறும்போது விலையும் நிலைக்கட்டணமும் ஏறும். 60ஐத் தாண்டியதும் முதல் யூனிட்டில் இருந்தே வேறு அட்டவணைக்குப் போய்விடுவீர்கள். 75 யூனிட் எரிக்கும் வீடு 16 யூனிட்டைக் குறைத்தால் கிடைக்கும் மிச்சம், கடன் வாங்கிப் போட்ட சோலார் தருவதைவிட நிச்சயமானது. பழைய 60 வாட் குண்டு பல்ப் தினம் ஐந்து மணி நேரம் எரிந்தால் மாதம் 9 யூனிட். 7 வாட் எல்இடி ஒரு யூனிட் சொச்சம். அப்படி இரண்டு பல்பை மாற்றினாலே 60க்குக் கீழே இறங்கிவிடலாம். குளிருக்கு வெந்நீர் போடும் கொயில் 1,000 வாட்: தினம் அரை மணி நேரம் என்றால் மாதம் 15 யூனிட்.

180க்கு மேல் எரிக்கும் வீடு, டவுனில் கடை, ஹோம்ஸ்டே, பேக்கரி, குளிர்ப்பெட்டி ஓடும் மரக்கறிக் களஞ்சியம்: இவர்கள் சோலாரை யோசிக்கலாம்.

நெட் மீற்றரிங், நெட் அக்கவுன்டிங், நெட் பிளஸ்: எது?

முதலாவதில் காசு கிடையாது. பகலில் அனுப்பிய யூனிட் இரவில் எடுத்த யூனிட்டில் கழியும், மிச்சம் அடுத்த மாதத்துக்குப் போகும். இரண்டாவதில் கழித்தபின் மிஞ்சும் யூனிட்டுக்குக் காசு. மூன்றாவதில் உற்பத்தி முழுவதும் விற்பனை, எரிப்பதற்குத் தனியாக பில். 2010இல் முதலாவது மட்டும்தான் இருந்தது, மற்ற இரண்டும் 2016இல் அரசின் கூரைச் சோலார் திட்டமான 'சூரிய பல சங்கிராமய'வுடன் வந்தன. விற்கும் விலை இறங்கிக்கொண்டே போகிற காலத்தில், தேவைக்கு மட்டும் அளவாகப் போட்டு முதலாவதில் இருப்பது வீட்டுக்குப் பாதுகாப்பானது என்பது எங்கள் எண்ணம். விதி அடிக்கடி மாறுவதால், விண்ணப்பிக்கும் வாரத்தில் எந்தத் திட்டம் திறந்திருக்கிறது என்று பிரதேச மின் பொறியியலாளர் அலுவலகத்தில் கேட்டுவிட்டே முற்பணம் கட்டுங்கள்.

இங்கே பாதி வருடம் பனியும் மழையும். பேனல் என்ன தரும்?

சமவெளியில் ஒரு கிலோவாட்டுக்கு மாதம் 110 முதல் 120 யூனிட் என்று விற்பனைத் தாளில் போடுவார்கள். மலையில் 80 முதல் 100 என்று வைத்துக்கொண்டு கணக்குப் பாருங்கள். அதற்கு மேல் வந்தால் சந்தோஷம்.

ஊரைப் பொறுத்து மாதமும் மாறும். கினிகத்தேன, வட்டவளை, ஹட்டன், நோர்வூட், மஸ்கெலியா பக்கம் மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை. அந்த மாதங்களில் பாதியாகக் குறையும். அதே ஜூலையில் மலைக்கு அந்தப் பக்கம் பண்டாரவளை, பசறை, வெலிமடையில் வெயில் காய்ந்து கச்சான் காற்று அடிக்கும். அவர்களுக்கு மோசமான காலம் ஒக்டோபர் முதல் ஜனவரி. ஹட்டனில் இருப்பவர் பதுளையில் உள்ள மாமா வீட்டு பில்லைப் பார்த்து முடிவெடுப்பது சரிவராது.

குளிர் ஒரு வகையில் நமக்கு நல்லது. பேனல் சூடாகும் ஒவ்வொரு பாகைக்கும் உற்பத்தி 0.3 முதல் 0.4 சதவீதம் குறையும். நுவரெலியாவில் ஜனவரி மாதத் தெளிந்த காலையில் பேனல் கொழும்பில் தருவதைவிட அதிகம் தரும். ஆனால் பிற்பகல் இரண்டு மணிக்குப் பனி இறங்கிவிடும். எனவே தெற்கு என்ற பாடநூல் விதியை அப்படியே பிடிக்காமல், காலை வெயில் விழும் கிழக்கு, தென்கிழக்குச் சரிவைப் பாருங்கள். மேற்கே மலை மறைக்கும் பள்ளத்தாக்கு வீட்டுக்கு இது இன்னும் முக்கியம். சாய்வு 10 பாகைக்குக் குறைந்தால் மழைநீர் கழுவிப் போகாமல் கீழ் விளிம்பில் பாசி பிடிக்கும். அந்த ஒரு விரல் அகலப் பாசி கடைசி வரிசைச் செல்களை மூடி, பேனலில் மூன்றில் ஒரு பங்கையோ அதற்கு மேலோ தூங்க வைத்துவிடும்.

தகரக் கூரை, பழைய அஸ்பெஸ்டாஸ். தாங்குமா?

பாரம் பிரச்சினை இல்லை. ஒரு பேனல் சட்டத்தோடு சதுர மீற்றருக்கு 12 முதல் 15 கிலோதான். பிரச்சினை காற்று மேலே தூக்குவது. பண்டாரவளை, பதுளை போன்ற ஊவாப் பக்கக் காற்றுக்குப் பேனல் ஒரு பட்டம் மாதிரி. எனவே தாங்கி தகரத்தில் அல்ல, தகரத்துக்குக் கீழே இருக்கும் குறுக்குச் சட்டத்தில் திருகப்பட வேண்டும். அந்தச் சட்டம் உளுத்த மரமாக இருந்தால் முதலில் அதை மாற்றுங்கள். திருகு தகரத்தின் மேடான பகுதியில் இறங்க வேண்டும், பள்ளத்தில் இறங்கினால் ஒழுகும். ரப்பர் வாசர் கறுப்பாக மிருதுவாக இருக்கும் தரமானதாக இருக்கட்டும், வெறும் பிளாஸ்டிக் இரண்டு வெயிலில் வெடித்துவிடும். பேனலைக் கூரையின் ஓரத்தில் இருந்து ஒரு முழமாவது உள்ளே தள்ளிப் போடுங்கள், காற்று அதிகம் தூக்குவது ஓரத்தில்தான். அஸ்பெஸ்டாஸ் தாளைத் துளைத்தால் விரிசல் விடும், தூளும் நுரையீரலுக்குக் கேடு. அதன் மேல் போடவே வேண்டாம்.

இடி விஷயத்தில் கஞ்சத்தனம் கூடாது. ஏப்ரல், ஒக்டோபர், நவம்பர் பிற்பகல்களில் மலைமுகட்டு வீடு முதல் இலக்கு. பேனல் பக்கமும் மின்வழிப் பக்கமும் மின்னலால் கம்பியில் பாயும் கரண்டைத் தடுக்கும் கருவி, இரண்டுக்கும் ஒரே புவித்தொடுப்பு. கல் பூமியில் ஒரு கம்பி அடித்தால் தடை இறங்காது. இரண்டு மூன்று கம்பியை இடைவெளி விட்டு அடித்து இணைத்து, பத்து ஓமுக்குக் கீழே வந்ததா என்று அளந்து காட்டச் சொல்லுங்கள். அளக்கும் கருவி இல்லாமல் வரும் ஆளிடம் வேலை கொடுக்காதீர்கள்.

கரண்ட் போனால் சோலார் எரியுமா?

எரியாது. வழியில் கரண்ட் இல்லை என்றால் பேனலின் கரண்டை வீட்டுக் கரண்டாக மாற்றும் இன்வெர்ட்டர் தானாக நின்றுவிடும். கம்பத்தில் ஏறி வேலை செய்பவர் உயிருக்காக வைத்த ஏற்பாடு அது. மரம் விழுந்து இரண்டு நாள் இருட்டில் கிடக்கும் தோட்டத்துக்கு இதைத் தெரியாமல் வாங்கி ஏமாந்தவர்கள் பலர்.

இருட்டுக்கு மருந்து சின்ன பெட்டரித் தொகுதி. 7 வாட் பல்ப் மூன்று ஐந்து மணி நேரம், ரவுட்டர் பத்து மணி நேரம், மூன்று போன் சார்ஜ்: எல்லாம் சேர்த்து ஏறத்தாழ 250 வாட்மணி. இதற்கு 12.8 வோல்ட், 50 ஆம்பியர்மணி லித்தியம் இரும்பு பொஸ்பேட் பெட்டரி ஒன்று இரண்டு இரவுக்குப் போதும். பேனல் 100 வாட் போட்டால் மூன்று மணி நேர வெயிலில் 225தான் தேறும், எனவே 150 வாட் எடுங்கள். இதற்கு யாருடைய அனுமதியும் வேண்டாம். லயத்து வாசலில் ஒரு தடியில்கூட நிறுத்தலாம். கார் பெட்டரியைப் பயன்படுத்தாதீர்கள், தினமும் ஆழமாக இறக்கினால் ஒரு வருடம் தாங்காது.

பகல் பதினொரு மணிக்கு இன்வெர்ட்டர் அடிக்கடி நின்று நின்று ஓடுகிறது. இயந்திரம் பழுதா?

பெரும்பாலும் இல்லை, வோல்டேஜ். நம் நாட்டு வீட்டு வோல்டேஜ் 230, ஆறு சதவீதம் கூடலாம் குறையலாம்: 216 முதல் 244. கரண்ட் திரும்பிப் போகும்போது கம்பியின் தடையைத் தள்ளிக்கொண்டு போக வேண்டும், அதனால் உங்கள் முனையில் வோல்டேஜ் ஏறும். 16 சதுர மில்லிமீற்றர் அலுமினியக் கம்பியில் 100 மீற்றர் தூரம் 5 கிலோவாட் அனுப்பினால் ஏறத்தாழ 8 வோல்ட் கூடும். ஏற்கனவே 242 இருக்கும் வழியில் அது 250. இன்வெர்ட்டர் கையை விரித்துவிடும்.

இன்வெர்ட்டர் திரையில் பகல் 11, 12, 1 மணிக்குக் காட்டும் வோல்டேஜை ஒரு வாரம் போட்டோ எடுத்து வையுங்கள். அதோடு போனால் ட்ரான்ஸ்ஃபோமரின் டெப் (வோல்டேஜைக் கூட்டிக் குறைக்கும் இணைப்பு) மாற்றுவது, கம்பி மாற்றுவது என்று பேச்சு நகரும். பொருத்தியவரிடம் "லிமிட்டைக் கூட்டிவிடு" என்று கேட்காதீர்கள். உங்கள் வீட்டு ஃபிரிட்ஜும் பக்கத்து வீட்டு டிவியும் அந்த வோல்டேஜில்தான் ஓட வேண்டும்.

"உங்கள் ட்ரான்ஸ்ஃபோமரில் இடமில்லை" என்று விண்ணப்பத்தைத் திருப்பிவிட்டார்கள்.

உண்மையாக இருக்கலாம். ஒரு ட்ரான்ஸ்ஃபோமர் தாங்கும் சோலாருக்கு எல்லை உண்டு, டவுனில் முதலில் ஓடிப்போய் போட்ட ஹோட்டல்காரர் அதை நிரப்பியிருக்கலாம். வாய்ப்பேச்சில் விடாதீர்கள். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் தமிழிலேயே எழுதிக் கேளுங்கள்: எங்கள் ட்ரான்ஸ்ஃபோமரின் கொள்ளளவு எத்தனை கேவிஏ, இன்றுவரை அனுமதித்த சோலார் எத்தனை கிலோவாட், காத்திருப்போர் வரிசையில் எத்தனை பேர், பெரிதாக்கும் திட்டம் உண்டா. 14 வேலை நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். பத்து வீடு சேர்ந்து கேட்டால் பதில் இன்னும் சீக்கிரம் வரும்.

தோட்டத்து ஓடையில் கரண்ட் எடுக்கலாமா?

சோலாரைவிட மலையகத்துக்குப் பொருந்துவது இதுதான். தேயிலை ஆலைகள் நூறு வருடத்துக்கு முன்பே ஓடைத்தண்ணீரில் சக்கரம் ஓட்டின. வெளியில் இருந்து மலிவாகக் கரண்ட் வந்ததும் அவற்றைக் கைவிட்டார்கள். இன்றும் பல ஆலைகளுக்குப் பின்னால் பாசி பிடித்த இரும்புக் குழாய் மலைமேல் ஏறிப்போவதைக் காணலாம். 1990களில் இருந்து மின்சாரம் எட்டாத கிராமங்களில் மின் நுகர்வோர் சங்கங்கள் அமைத்து நூற்றுக்கும் மேற்பட்ட சிறிய நிலையங்கள் ஓடின.

முதல் கணக்கை நீங்களே போடலாம். ஒரு விநாடிக்கு எத்தனை லீற்றர், எத்தனை மீற்றர் உயரம்: இரண்டையும் பெருக்கி ஐந்தால் பெருக்கினால் வாட். இழப்பெல்லாம் கழித்துக் கிராமத்து இயந்திரம் தருவது இவ்வளவுதான்.

தண்ணீரை அளக்க ஓடையை மண் மூட்டையால் மறித்து ஒரு குழாய் வழியாக விடுங்கள். 20 லீற்றர் வாளி இரண்டு விநாடியில் நிரம்பினால் விநாடிக்கு 10 லீற்றர். ஐந்து தடவை அளந்து சராசரி எடுங்கள். அளக்க வேண்டிய மாதம் முக்கியம்: ஹட்டன் பக்கம் பெப்ரவரி, மார்ச்; ஊவாப் பக்கம் ஜூலை, ஆகஸ்ட். ஜூனில் மஸ்கெலியாவில் அளந்து திட்டம் போட்டால் மார்ச்சில் சக்கரம் நிற்கும். உயரத்தை அளக்கத் தண்ணீர் நிரப்பிய மட்டக்குழாய் போதும். ஆள் உயரத்துக்கு ஒரு படியாக மேலே ஏறிக்கொண்டே எண்ணுங்கள்.

10 லீற்றர், 40 மீற்றர் என்றால் 2,000 வாட். இரண்டு கிலோவாட்தானா என்று முகம் சுளிக்க வேண்டாம். இரண்டு கிலோவாட் சோலார் பகல் மட்டும் ஓடி நாளுக்கு ஏறத்தாழ ஆறு யூனிட் தரும். இது இரவும் பகலும் ஓடி 48 யூனிட் தரும். இருபது வீட்டுக்கு ஆளுக்கு 100 வாட், விளக்குக்கும் டிவிக்கும் போதும்.

குழாயில்தான் பலர் கஞ்சத்தனம் பண்ணிக் கெடுக்கிறார்கள். இதே தண்ணீரை 150 மீற்றர் நீளக் குழாயில் கொண்டுவந்தால், 110 மில்லிமீற்றர் பிவிசியில் உராய்வில் போவது 2 மீற்றர் உயரம். 90 மில்லிமீற்றரில் 5 மீற்றர். 63 மில்லிமீற்றரில் 31 மீற்றர்! நாற்பதில் ஒன்பது மட்டுமே மிஞ்சும். குழாயை மண்ணில் புதைத்துவிடுங்கள், வெயிலில் பிவிசி நொறுங்கும், காட்டுப்பன்றியும் புரட்டும். கம்பியும் அதே கதைதான்: இரண்டு கிலோவாட்டை அரைக் கிலோமீற்றர் தூரம் 16 சதுர மில்லிமீற்றர் அலுமினியத்தில் கொண்டுபோனால் கடைசி வீட்டில் 213 வோல்ட்தான் இருக்கும். இயந்திர அறையை லயத்துக்குக் கிட்ட வைத்துக் குழாயை நீளமாக்குவதா, குழாயைக் குறைத்துக் கம்பியை நீளமாக்குவதா என்று இரண்டு விலையும் எழுதிப் பாருங்கள்.

ஓடை முழுவதையும் மறிக்காதீர்கள். கீழே பீலிக்கரையில் குடம் பிடிப்பவர்களுக்கு அந்தத் தண்ணீர்தான்.

எதெல்லாம் பழுதாகும்?

முதல் எதிரி இலை. தண்ணீர் எடுக்கும் வாயில் சல்லடையை 45 பாகை சாய்த்து வைத்தால் இலை வழுக்கிப் போகும், நேராக வைத்தால் தினமும் ஒருவர் போய் வழிக்க வேண்டும். இரண்டாவது மணல்: குழாய்க்கு முன் ஒரு தொட்டியில் தண்ணீர் நின்று தெளியாவிட்டால் சக்கரத்தின் கிண்ணங்கள் இரண்டு மழைக்காலத்தில் தேய்ந்துவிடும்.

சட்டென்று பல்பெல்லாம் வெடித்தால் சுமைக் கட்டுப்பாட்டுப் பெட்டியைப் பாருங்கள். வீட்டில் விளக்கை அணைக்கும்போது மிச்சக் கரண்டை ஒரு வெப்பக் கம்பிக்குத் திருப்பிவிடுவது அதன் வேலை. அந்தக் கம்பி எரிந்துபோனால் சுமையில்லாமல் சக்கரம் பறக்கும், வோல்டேஜ் 300ஐத் தாண்டும். வெப்பக் கம்பி இரண்டை எப்போதும் பெட்டியில் வைத்திருங்கள். சக்கரம் நன்றாகச் சுற்றியும் கரண்டே வராவிட்டால் ஜெனரேட்டராக ஓடும் மோட்டாரோடு இணைத்த கப்பாசிட்டரைச் சந்தேகியுங்கள். வோல்டேஜ் மேலும் கீழும் துடித்தால் குழாயில் காற்று, மேல் தொட்டியில் நீர்மட்டம் குறைந்திருக்கிறது.

யார் முன்னின்று நடத்துவது? தலைவரா, தோட்டமா, எம்பியா?

மூவரும் வேண்டும், மூவரிடமும் சாவியைக் கொடுக்கக் கூடாது. தொழிற்சங்கத் தலைவர் பெயரில் கட்டிய நிலையம், அடுத்த தேர்தலில் லயம் இரண்டாகப் பிரியும்போது நின்றுபோகும். மின் நுகர்வோர் சங்கம் தனியாகப் பதிவாகி, தனி வங்கிக் கணக்கோடு, மாற்றுக் கட்சிக்காரரும் கமிட்டியில் இருக்க நடந்தால்தான் நிலைக்கும். பொருளாளராகப் பெண்ணை வையுங்கள்: பில் கட்டுவதும் இருட்டில் சமைப்பதும் அவர்கள்தான், வசூல் தவறாது. இயந்திரம் பார்ப்பவருக்குச் சம்பளம் கொடுங்கள். சும்மா பார்ப்பவர் கொழும்புக்கு வேலைக்குப் போனதும் சக்கரம் நிற்கும். ஒருவருக்கு இருவராகப் பழக்கி வையுங்கள்.

மின்சார சபையின் வழி வந்ததும் கிராமத்து நிலையங்களில் பெரும்பாலானவை கைவிடப்பட்டன. வலையமைப்போடு இணைத்துக் கரண்டை விற்கும் நிலைக்குப் போனவை மிகச் சில. உங்கள் லயத்தில் ஏற்கனவே மீட்டர் இருந்தால், வீட்டு விளக்குக்காக மட்டும் ஓடை நிலையம் கட்டாதீர்கள். பகலில் அரிசி மில், தையல் மிஷின், மரக்கறி உலர்த்தும் பெட்டி என்று கரண்டைத் தின்னும் தொழில் ஒன்று சேர்ந்தால்தான் கணக்கு நிற்கும்.

2007ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டப்படி இந்த வளங்கள் குடியரசுக்கு உரியவை. வலையமைப்புக்கு விற்பதென்றால் இலங்கை நிலைபேறான வலுசக்தி அதிகாரசபையின் அனுமதி வேண்டும். விற்காவிட்டாலும் பிரதேச செயலகம், தோட்டம், தேவைப்பட்டால் வனத் திணைக்களம் ஆகியவற்றோடு எழுத்தில் பேசிவிட்டே கால் வையுங்கள்.

எங்கள் ஆற்றில் ஒரு கம்பனி மினி ஹைட்ரோ கட்டப் போகிறதாம். என்ன கேட்க வேண்டும்?

10 மெகாவாட் வரையான இந்தச் சிறு நீர்மின் நிலையங்களுக்கு அணை சிறியது. ஆனால் அணைக்கும் இயந்திர அறைக்கும் இடைப்பட்ட ஆறு காய்ந்துவிடும், அது சில கிலோமீற்றராகவும் இருக்கலாம். கேளுங்கள்: வரட்சியில் ஆற்றில் விடப்படும் தண்ணீர் விநாடிக்கு எத்தனை லீற்றர், அதை யார் அளப்பார், அளவுப்பலகை எங்கே நடப்படும். கால்வாய் எந்தச் சரிவு வழியாகப் போகிறது: கசியும் கால்வாய்க்குக் கீழே லயம் இருந்தால் மண்சரிவுக்கு அழைப்பு. தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிக்கையைக் காட்டச் சொல்லுங்கள்.

வேலை தொடங்கும் முன் ஊற்று, பீலி, கிணறு ஒவ்வொன்றையும் மாதம் ஒரு தடவை வாளியால் அளந்து, திகதி போட்டு, போட்டோவோடு ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். கிராம சேவகரிடம் கையெழுத்து வாங்குங்கள். உமா ஓயாத் திட்டத்தின் சுரங்கத்துக்குள் நிலத்தடி நீர் பாய்ந்தபோது பண்டாரவளைப் பக்கம் கிணறுகள் வற்றின. 120 மெகாவாட் நிலையம் 2024இல் ஓடத் தொடங்கியது. இடையில் நட்டஈடு கேட்டவர்கள் "முன்பு எவ்வளவு தண்ணீர் இருந்தது" என்பதை நிரூபிக்க வேண்டியிருந்தது.

தேயிலை ஆலை விறகு எரிப்பதும் பசுமைதானா?

நட்டு வெட்டினால் ஆம், காட்டை வெட்டினால் இல்லை. விறகுக்கு நடும் கிளிரிசிடியா மரத்தை 2005இல் நான்காவது பெருந்தோட்டப் பயிராக அறிவித்தார்கள், ஆனால் அது உயரமான குளிர் மலையில் சரியாக வளராது. ஆலைகளில் வீணாவது ஈரத்தில்: பச்சை விறகின் எடையில் பாதி தண்ணீர், அதை ஆவியாக்கவே நெருப்பு செலவாகிறது. பிளந்து, கூரைக்குக் கீழே மூன்று நான்கு மாதம் காயவைத்து ஈரத்தை 20 சதவீத அளவுக்குக் கொண்டுவந்தால் விறகுச் செலவு கண்கூடாகக் குறையும்.

வீட்டு அடுப்புக்கும் இதே விதிதான். இரண்டு பானை வைக்கும் 'அனகி' மண் அடுப்பும் காய்ந்த விறகும் சேர்ந்தால் புகை நன்றாகக் குறையும்.

கட்டணம், அனுமதி, பில் பற்றி முறையிட எங்கே போவது?

முதலில் பிரதேச மின் அலுவலகம், எழுத்தில், பிரதி ஒன்றில் முத்திரை வாங்கிக்கொண்டு. அங்கே தீராவிட்டால் இலங்கைப் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு. கட்டணம் மாற்றும் முன் அது மக்கள் கருத்தைக் கேட்கும். தமிழில் எழுதி அனுப்பலாம், மாகாணங்களில் அமர்வு நடக்கும்போது நேரில் பேசலாம். 2024ஆம் ஆண்டின் 36ஆம் இலக்க மின்சாரச் சட்டம் மின்சார சபையைத் தனித்தனிக் கம்பனிகளாகப் பிரிக்க வழி செய்தது. கடிதத்தில் யார் பெயர் போடுவது என்று குழம்பினால் கடைசியாக வந்த பில்லின் தலைப்பில் உள்ள பெயரையும் கணக்கு இலக்கத்தையும் அப்படியே எழுதுங்கள். அமர்வில் பேச மூன்று நான்கு நிமிடம்தான் தருவார்கள். பொதுவாகக் குறை சொல்லாமல் "எங்கள் டிவிஷனில் 84 வீடு, ஒரு ட்ரான்ஸ்ஃபோமர், மாலை ஏழு மணிக்கு 190 வோல்ட்" என்று உங்கள் எண்ணோடு பேசுங்கள். எண்ணைக் குறிப்பேட்டில் எழுதிக்கொள்வார்கள்.